அட்டையின் பின்னால் நான்கு கையெழுத்து: பீட்டில்ஸ் ஆரம்ப கால ஆட்டோகிராஃப்களைச் சரிபார்ப்பதும் மலையில் வைத்துக் காப்பதும்

கேள்வி இது: குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்த தாத்தாவுக்கு, இங்கிலாந்து திரும்பிய துரை ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ எல்.பி. இசைத்தட்டு ஒன்று. அட்டையின் பின்பக்கம் பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் நால்வர், ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார், போட்ட கையெழுத்து. நால்வரும் ஒப்பமிட்ட போட்டோ கார்டு ஒன்றும் இருக்கிறது. இவை அசலா, லேமினேட் செய்து மாட்டலாமா, இதைத் தொடக்கமாக வைத்து மேலும் சேகரிக்க முடியுமா?

லேமினேட் செய்யாதீர்கள். மற்றதெல்லாம் நிதானமாக யோசிக்கலாம், இதை மட்டும் இன்றே முடிவு செய்துவிடுங்கள். ஜெராக்ஸ் கடை மெஷினின் உருளை 100 டிகிரிக்கு மேல் சூடாகும். உருகிய பசை காகித இழைக்குள் இறங்கி, பால்பாயிண்ட் மையின் சாயத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அப்புறம் காகிதத்துக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க வழி கிடையாது. செல்லோடேப்பும் ஃபெவிகாலும் இதே வகைதான், என்ன, கொஞ்சம் மெதுவாகக் கெடுக்கும். நம் மலையில் இன்னொரு ஆபத்து யூகலிப்டஸ் தைலம். அட்டையில் ஒட்டியிருக்கும் பழைய விலை ஸ்டிக்கரை எடுக்கத் தைலம் தடவுவது இங்கே கைப்பழக்கம். பசையைக் கரைக்கும் அதே தைலம் பால்பாயிண்ட் மையையும் கரைக்கும். கையெழுத்து ஒரு அங்குலம் தள்ளி இருந்தாலும் எண்ணெய் காகிதத்துக்குள் ஊர்ந்து வந்து சேர்ந்துவிடும். ஸ்டிக்கர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எந்த ஊர்க் கடையில் வாங்கியது என்பதற்கு அதுவே சாட்சியாகலாம்.

இனி அசலா என்ற கேள்வி. பலரும் நேராகக் கையெழுத்தின் வளைவு நெளிவைத்தான் பார்க்கிறார்கள். அதைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது, பொருளில் இருக்கும் ஒவ்வொன்றும் ஒரே காலத்தைச் சொல்கிறதா என்பது. குழுவில் அப்போது யார் இருந்தார்கள், எந்த மாதிரி பேனா, எந்த அச்சில் வந்த அட்டை, எந்த ஊரில் வாங்கிய கையெழுத்து: இந்த நான்கும் ஏறத்தாழ ஒரே மாதங்களைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் வேறு காலத்தைச் சொன்னால் சந்தேகம். இரண்டு சொன்னால் அந்தப் பொருளை ஒதுக்கிவிடலாம்.

ஆட்களிலிருந்து தொடங்குங்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் நீக்கப்படும் வரை டிரம்ஸ் வாசித்தவர் பீட் பெஸ்ட். ரிங்கோ ஸ்டார் சேர்ந்தது ஆகஸ்ட் 18. ஆகவே ரிங்கோ பெயர் உள்ள ஒரு காகிதத்தை 1961-ல் லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் வாங்கியது என்று யாராவது விற்றால் அங்கேயே பேச்சு முடிந்தது. கேவர்னில் அவர்கள் முதலில் வாசித்தது 1961 பிப்ரவரி 9, கடைசியாக 1963 ஆகஸ்ட் 3. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர கிளப்புகளில் வாசித்த நாட்கள் 1960 ஆகஸ்டில் தொடங்குகின்றன. அந்தக் காலத்துக் காகிதத்தில், அப்போது குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் பெயரும் இருக்கலாம். அவர் 1962 ஏப்ரல் 10-ல் இறந்துபோனார். பீட் பெஸ்ட்டோடு சேர்ந்த ஆரம்பக் கையெழுத்துகள் குறைவு, அதனாலேயே போலிகள் அந்தப் பக்கம் அதிகம்.

அடுத்தது அட்டை. ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ 1963 மார்ச் 22-ல் பார்லோஃபோன் என்ற இசைத்தட்டு நிறுவனப் பெயரில் வந்தது. மோனோ எண் பிஎம்சி 1202, ஸ்டீரியோ பிசிஎஸ் 3042. முதல் அச்சுகளின் லேபிள் கறுப்பு, எழுத்து தங்க நிறம். அதே ஆண்டிலேயே கறுப்பு மஞ்சள் லேபிளுக்கு மாறிவிட்டார்கள். கறுப்பு-தங்க லேபிள்களிலும் மிக முந்தியவற்றில் அவர்களுடைய சொந்தப் பாடல்களுக்குப் பதிப்புரிமை டிக் ஜேம்ஸ் என்ற இசைப் பதிப்பாளர் பெயரில் இருக்கும், அடுத்து வந்தவற்றில் நார்தர்ன் சாங்ஸ் என்று இருக்கும். அட்டையின் பின்பக்க அடியில் அச்சகத்தின் பெயரைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்: எர்னஸ்ட் ஜே. டே அல்லது காரோட் அண்ட் லாஃப்ட்ஹவுஸ். பின்பக்க விளிம்புகளில் முன்பக்கத் தாள் மடிந்து வந்து ஒட்டியிருக்கும். கை வைத்துத் தடவினாலே அந்தப் படி தெரியும்.

உங்கள் அட்டையில் கையெழுத்து பின்பக்கம் இருப்பது நல்ல அறிகுறி. அக்காலப் பிரிட்டிஷ் அட்டைகளின் முன்பக்கம் ஆலையிலேயே பளபளவென்று மேல்தாள் ஒட்டி வந்தது. பால்பாயிண்ட் அதில் வழுக்கும், மை பிடிக்காது. பின்பக்கம் வெறும் காகிதம், அதனால் ரசிகர்கள் அட்டையைத் திருப்பித்தான் நீட்டுவார்கள். முன்பக்கத்தில், முகங்களின் மேலேயே, தடித்த கறுப்பு மார்க்கரில் நான்கு கையெழுத்தும் வரிசையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஷார்ப்பி மார்க்கர் சந்தைக்கு வந்ததே 1964-ல். ஜெல் பேனா 1984-க்குப் பிறகு. 1963-ன் கையெழுத்து நீலம் அல்லது கறுப்பு பால்பாயிண்டிலோ மைப்பேனாவிலோ இருப்பதுதான் இயல்பு.

தட்டையும் அட்டையையும் தனித்தனியாகச் சோதியுங்கள். அறுபது வருடத்தில் எத்தனையோ கை மாறி, பழைய அட்டைக்குள் பிந்தைய தட்டு புகுந்திருக்கும். அது போலியின் அடையாளம் ஆகாது. ஆனால் அட்டையே 1969-க்குப் பிந்தைய அச்சாக இருந்து, அதில் நால்வரும் 1963 பாணியில் ஒப்பமிட்டிருந்தால் நம்புவதற்கில்லை. அந்தக் காலத்தில் நால்வரும் ஒரே பொருளில் கையெழுத்துப் போட்டது மிக அரிது.

இந்திய அச்சாக இருந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். கல்கத்தா டம்டம் ஆலையில் கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா பார்லோஃபோன் தட்டுகளை அச்சிட்டது. அவை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்திருக்கும். ஆனால் நால்வரும் சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்ததில்லை. மணிலாவிலிருந்து திரும்பும் வழியில் 1966 ஜூலையில் டெல்லியில் இறங்கினார்கள். 1968 பிப்ரவரியில் ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்கு வந்தார்கள், அங்கிருந்தும் ரிங்கோ பத்து நாள் போலத் தங்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். இந்திய அட்டையில் நான்கு கையெழுத்து என்றால், அந்தக் குறுகிய நாட்களில் யார் எங்கே வாங்கினார் என்பதைச் சொல்ல வேண்டும், அல்லது அட்டை கடல் கடந்து போய்வந்த கதையைச் சொல்ல வேண்டும். ‘ஊட்டியில் வாங்கியது’ என்று சொல்லும் விற்பனையாளரிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இப்போது லென்ஸை எடுங்கள். பத்து மடங்கு பெருக்கும் மடிப்பு லென்ஸ் போதும், நகைக்கடையில் பார்க்கிறார்களே, அதுவேதான். பால்பாயிண்ட் எழுதிய இடத்தில் காகிதம் பள்ளமாகியிருக்கும். கோடு திரும்பும் இடங்களில் மை சேர்ந்து சின்னத் திட்டாக நிற்கும், திரும்பிய பிறகு சிறிது தூரம் வெளிறும். பழைய எண்ணெய் மையைச் சுற்றி மங்கலான பழுப்பு வளையம் படர்ந்திருக்கலாம். இருட்டறையில் டார்ச்சைக் காகிதத்தோடு ஒட்டினாற்போல, 15 டிகிரி சாய்வில் பிடித்தால் பள்ளங்கள் நிழலாகத் தெரியும். பள்ளமே இல்லாமல், சிறு புள்ளிகளால் ஆன கோடு என்றால் அது அச்சு. கோட்டின் நடு வெளிறி இரு ஓரமும் அடர்ந்திருந்தால் ரப்பர் ஸ்டாம்ப். வேகமாகப் போட்ட கையெழுத்தின் கோடு தொடக்கத்திலும் முடிவிலும் மெலிந்து விலகும். வரைந்து போட்டதோ இரு முனையும் மழுங்கி, நடுவில் நடுங்கும்.

உங்கள் போட்டோ கார்டைப் பற்றி எனக்கு நம்பிக்கை குறைவு. ரசிகர் மன்றம் வழியாகத் தபாலில் போன கார்டுகள் பலவற்றில் கையெழுத்து அச்சிலேயே இருந்தது. அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: அதே கார்டின் வேறு படத்தை இணையத்தில் தேடி எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக வையுங்கள். மயிரிழை பிசகாமல் பொருந்தினால் அச்சு. மனிதன் ஒரே கையெழுத்தை இரண்டு முறை இம்மியும் மாறாமல் போட மாட்டான்.

பேனாவால் போட்டதுதான் என்று தெரிந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. 1963-லிருந்து ரசிகர் கூட்டம் தாங்க முடியாமல் போனபோது, கச்சேரிச் சுற்றுப்பயணங்களைக் கவனித்த நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் நான்கு பெயரையும் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். குழுவினரும் அவசரத்தில் ஒருவருக்காக ஒருவர் போட்டதுண்டு. பேனாவும் காகிதமும் காலமும் எல்லாமே சரியாக இருக்கும், கை மட்டும் வேறு. நான்கு பெயரிலும் ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், ஆங்கில ‘என்’ எழுத்தும் ‘ஆர்’ எழுத்தும் ஒரே வார்ப்பு என்றால் ஒரே ஆள் எழுதியது. நால்வர் எழுதினால் அளவும் இடைவெளியும் முரண்டு பிடிக்கும். ஒருவர் பெரிதாகப் போட்டு இடத்தை அடைத்திருப்பார், கடைசி ஆள் மூலையில் ஒடுக்கியிருப்பார்.

ஒப்பிடும்போது 1963-ஐ 1963-ஓடு மட்டுமே ஒப்பிடுங்கள். நால்வரின் கையெழுத்தும் சில ஆண்டுகளிலேயே நன்றாக மாறிவிட்டது. பின்னாளைய பிரபலமான மாதிரியைப் பார்த்துவிட்டு ஆரம்ப காலத்து அசலைப் போலி என்று தள்ளியவர்களும் உண்டு. ‘அன்புடன் மேரிக்கு’ என்பது போல யாருக்காவது பெயர் எழுதிக் கொடுத்திருந்தால் வருத்தப்பட வேண்டாம். விலை சற்றுக் குறையலாம், ஆனால் எழுத்து கூடக் கூடச் சரிபார்க்க வசதி கூடும். போலி செய்பவன் கூடுதலாக ஒரு சொல்கூட எழுதப் பயப்படுவான்.

புற ஊதா விளக்கில் காட்டி, காகிதம் நீலமாக ஒளிர்ந்தால் போலி என்று ஒரு பேச்சு உலவுகிறது. 1950-களிலிருந்தே காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்த்தார்கள். ஆகவே 1963-ன் காகிதம் ஒளிரவும் செய்யலாம், ஒளிராமலும் இருக்கலாம். அந்த விளக்கு, பிற்பாடு ஒட்டிய காகிதத்தையும் அழித்த தடத்தையும் காட்ட மட்டுமே உதவும்.

இவ்வளவும் தேறினால் நிபுணரிடம் போகலாம். பொதுவான சான்றிதழ்க் கம்பெனிகளைவிட, பீட்டில்ஸ் கையெழுத்து மட்டுமே பார்ப்பவர்களின் சொல்லுக்குத்தான் இந்தச் சந்தையில் எடை. அமெரிக்காவின் ஃபிராங்க் கயாஸோ அப்படி அறியப்பட்டவர், பிரிட்டனில் டிராக்ஸ் நிறுவனம் இருக்கிறது. ஹோலோகிராம் ஒட்டிய சான்றிதழ் என்பது அச்சகத்தில் யாரும் அடிக்கக்கூடியது. யார் கையெழுத்திட்டார், தவறானால் பணம் திரும்புமா என்பதுதான் விஷயம். பொருளை அனுப்பாதீர்கள், முதலில் படம் அனுப்புங்கள். கார்டை 600 டிபிஐ-யில் இரு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள், கையெழுத்துப் பகுதியை மட்டும் 1200-ல் இன்னொரு தடவை. எல்.பி. அட்டை ஏ4 ஸ்கேனரில் அடங்காது. கண்ணாடியில் வைத்து அழுத்தினால் முனை மடியும், அதனால் கேமராவில் நேர் மேலிருந்து எடுங்கள். டார்ச் சாய்வு வெளிச்சத்தில் ஒரு படம், தட்டு லேபிள் இரண்டு பக்கமும், அச்சகப் பெயர் தெரிய ஒன்று. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஃபைலாக மின்னஞ்சலில் போகட்டும்.

இதோடு சேர்த்து அனுப்ப வேண்டியது துரையின் கதை. வீட்டில் மூத்தவர் யாருக்கு நினைவிருக்கிறதோ, அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எஸ்டேட் பெயர், துரையின் பெயர், எந்த வருடம் வந்தார், எப்போது விடுப்பில் இங்கிலாந்து போய்வந்தார், எப்போது திரும்பிப் போனார். 1963-ல் அவரோ அவருடைய பிள்ளைகளோ இங்கிலாந்தில் இருந்தார்களா என்பதுதான் இதில் முக்கியமான முடிச்சு. பிள்ளைகள் லவ்டேல் லாரன்ஸ் பள்ளி மாதிரி மலைப் பள்ளியில் படித்துவிட்டு மேல்படிப்புக்கு அங்கே போயிருந்தால் பள்ளி ஆண்டு மலர்களில் பெயர் கிடைக்கும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். ஓட்டையை அடைக்க ஊகம் சேர்த்தால், மொத்தக் கதையும் நம்பிக்கை இழக்கும். பெட்டியில் இருக்கும் பழைய உறை, பில், செய்தித்தாள் துண்டு எதையும் எறியாதீர்கள்.

போலிகளைவிட நம் மலையில் அதிகம் அழிப்பது ஈரம். கூடலூர், தேவாலாப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே காகிதத்தில் பூசணம் பிடிக்கத் தொடங்கும். மழைக்காலத்தில் நம் வீட்டு அலமாரிக்குள் அது சர்வ சாதாரணமாக 80-க்கு மேல். வேண்டியது 40 முதல் 50.

முதலில் ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்குங்கள், வாங்கியதும் அதை நம்பிவிடாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு ஜிப் கவரில் மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்த மானி 5 குறைத்துச் சொல்கிறது. இனி எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

எல்.பி. அட்டை 31 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். உள்ளளவு 33 சென்டிமீட்டராவது உள்ள, மூடியில் ரப்பர் வளையம் வைத்த பாலிப்ரொப்பிலீன் டப்பா, 25 லிட்டர் அளவில் எடுங்கள். துணிப்பையில் 200 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல், பொருளைத் தொடாமல் ஒரு மூலையில். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கும், அது வேண்டாம். மானி 55-ஐத் தொட்டால் ஜெல்லை எடுத்து ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, ஆறிய பிறகு போடுங்கள். சூடாகவே போட்டால் டப்பாவுக்குள் வியர்க்கும். ஜெல்லை அள்ளிக் கொட்டுவதும் தப்பு. 30-க்குக் கீழே போனால் காகிதம் விறைத்து, முன்பக்க மேல்தாள் சுருண்டு எழும்பும். மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வரும் நாளில் டப்பாவைத் திறக்காதீர்கள்.

கார்டுக்குப் பாலியெஸ்டர் உறை, மைலார் என்று கேளுங்கள். வாடை வரும் பி.வி.சி. உறையும், பசைத் தாள் போட்ட கல்யாண ஆல்பமும் கூடாது. தட்டை அட்டைக்குள் வைக்காமல் தனி வெள்ளை உறையில் வைத்து, இரண்டையும் நிமிர்த்தியே நிறுத்துங்கள். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். டப்பா மூடியிருந்தால் ராமபாணப் பூச்சி உள்ளே வராது.

ஏற்கெனவே பூசணம் இருந்தால் துடைக்காதீர்கள். ஈரத்துணி பட்டால் பூசணத்தின் நிறம் இழைக்குள் இறங்கும், மையும் கலையும். ஜெல்லோடு ஒரு வாரம் மூடி வைத்து, பூசணம் பொடியாக உலர்ந்த பிறகு, வெயில் படாத திறந்தவெளியில், என்95 முகக்கவசத்தோடு, மென்மையான பிரஷ்ஷால் கையெழுத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். கையெழுத்தின் மேலேயே பூசணம் என்றால் நீங்கள் தொடாமல் காகிதப் பாதுகாப்பாளரிடம் விடுங்கள்.

கோயம்புத்தூருக்கு எடுத்துப் போவதாக இருந்தால் இரண்டு விஷயம். ஊட்டிக்கு வரும் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இறங்கும்போது அதற்கு நேர்மாறு, இங்கே காற்றடைத்து மூடிய கவர் அங்கே பொருளோடு ஒட்டி அழுத்தும். கவரின் ஒரு மூலையைத் திறந்தே விடுங்கள். இன்னொன்று, மலைக் குளிரில் இருந்த அட்டையைக் கீழே புழுக்கத்தில் உடனே எடுத்தால் வியர்த்துவிடும். டப்பாவை மூடியபடியே எட்டு மணி நேரம் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும்.

மாட்டி வைக்கும் ஆசைக்கு ஒரு வழி: நல்ல கலர் பிரதி எடுத்து அதை ஃப்ரேம் போடுங்கள். பால்பாயிண்ட் சாயம் வெளிச்சத்துக்கு நிற்காது, உயரம் கூடக் கூடப் புற ஊதாவும் கூடும். ஜன்னல் கண்ணாடி அதை முழுதாகத் தடுக்காது. அசலைத்தான் மாட்டுவேன் என்றால் புற ஊதா தடுக்கும் அக்ரிலிக், அமிலமில்லாத மவுண்ட் போர்டு, கண்ணாடிக்கும் பொருளுக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி, வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலும், பங்களாக் கணப்புக்கு மேலும் மாட்டக் கூடாது.

விற்பதானால் சட்டத் தடை பற்றிப் பயம் வேண்டாம். 1972-ன் தொல்பொருள் சட்டம் பொதுவாக 100 ஆண்டு கடந்த பொருட்களுக்கும், 75 ஆண்டு கடந்த ஆவணங்களுக்கும்தான். அனுப்பும்போது தட்டை வெளியே எடுத்து, அட்டையின் இருபுறமும் இரண்டிரண்டு நெளி அட்டைத் தாள், அவற்றின் நெளிவுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக, நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மேலும் சேகரிப்பது பற்றி. நால்வர் கையெழுத்தைத் துரத்தாதீர்கள். ஜான் 1980-லும் ஜார்ஜ் 2001-லும் போய்விட்டார்கள், 2008 அக்டோபருக்குப் பிறகு தபாலில் வருவதில் கையெழுத்திட மாட்டேன் என்று ரிங்கோ அறிவித்துவிட்டார். சந்தையில் புதிதாக முளைப்பதில் பெரும்பகுதி போலி. நால்வரும் ஒப்பமிட்ட ‘சார்ஜென்ட் பெப்பர்’ அட்டை ஒன்று 2013-ல் 2,90,500 டாலருக்குப் போனது. அந்தப் பந்தயம் நமக்கு வேண்டாம். ஆரம்ப நாட்களைச் சுற்றி நின்றவர்களைப் பாருங்கள்: ஹாம்பர்க்கில் அவர்களைப் படமெடுத்த ஆஸ்ட்ரிட் கிர்ஷர், அதே வட்டத்து ஓவியர் கிளாஸ் ஃபோர்மன், 1961-ல் அவர்களைப் பின்னணிக்கு வைத்துப் பாடிய டோனி ஷெரிடன், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். விலை பல மடங்கு குறைவு, போலி செய்ய யாரும் மெனக்கெடுவதும் குறைவு. வெளிநாட்டு ஏலத்தில் கேட்கும்போது சுத்தியல் விலையோடு ஏலக் கம்பெனி கமிஷன், கூரியர், காப்பீடு, நம் சுங்க வரி எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுக் கை தூக்குங்கள்.

என்னைக் கேட்டால், இங்கிருந்தே தேட ஏற்றது டம்டம் அச்சு 78 தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய வகை. மேற்கில் 78 மறைந்துபோன பிறகும் இந்தியாவில் பீட்டில்ஸ் பாடல்கள் 78-ல் வந்தன. உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடுவது அவற்றைத்தான். கையெழுத்து இல்லாமலேயே மதிப்பு உண்டு. பழைய எஸ்டேட் பங்களாக்கள், கிளப்புகள், பள்ளிகள் காலி செய்யும் சாமான்களில் 45, 33-க்கு நடுவே கனமான பத்தங்குலத் தட்டைப் பார்த்தால் லேபிளைப் படியுங்கள். வாங்கினால் ஸ்பிரிட்டாலோ சானிடைசராலோ துடைக்காதீர்கள். அது அரக்கில் செய்தது, ஆல்கஹாலில் கரையும். இரண்டு சொட்டு பாத்திரச் சோப்பு கலந்த சூடில்லாத தண்ணீர், மென்மையான துணி, லேபிள் நனையாமல். எல்.பி. ஊசியில் போட்டால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல்தான் வரும். மூன்று மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகல ஊசி தனியாக வாங்க வேண்டும்.